அத்தியாயம் 7: வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்

பங்குனி ஆமைக்கும் நம் கல்லூரிகளுக்கும் ஒரே காலண்டர்தான். ஜனவரியில் சென்னைக் கரையில் முதல் தடங்கள் தென்படும். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் முட்டையிட வரும் ஆமைகள் கூடும். அதே பிப்ரவரியில் முதல் இன்டர்னல், மார்ச்சில் இரண்டாவது, ஏப்ரலில் செமஸ்டர் தேர்வு. நடுவில் பொங்கலுக்கு ஊரில் பாட்டி காத்திருப்பார். ஆமை நமக்காகத் தள்ளி வராது, தேர்வும் தள்ளிப் போகாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளுக்காகவே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

களத்தில் என்ன செய்வது என்பதை இதற்கு முன் பார்த்துவிட்டோம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் மணலில் நடப்பது, ஆமைத் தடத்தைப் பிடித்துக் குழியைக் கண்டுபிடிப்பது, நூறு நூற்றிருபது முட்டைகளை அதே ஈர மணலோடு பையில் எடுத்துப் பொரிப்பகத்தில் மீண்டும் புதைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். சென்னையில் இந்த நடை 1970-களிலேயே தொடங்கிவிட்டது. 1988-லிருந்து மாணவர்களே ஒரு வலையமைப்பாகச் சேர்ந்து இதை நடத்திவருகிறார்கள். இத்தனை ஆண்டுகளாக விடாமல் நடக்கும் வேலையில் ஒவ்வொரு பருவமும் புதிதாகச் சேருகிறவர்களில் பலர் பிப்ரவரி முடிவதற்குள் காணாமல் போகிறார்கள். ஆமை மீது அக்கறை குறைந்து அவர்கள் போவதில்லை. வீட்டில் சண்டை, அட்டென்டன்ஸ் குறைவு, நண்பர்களோடு மனத்தாங்கல் என்று ஏதோ ஒன்று அவர்களைப் பிடித்து இழுத்துவிடுகிறது.

நானும் அப்படி ஒருமுறை நின்று போனவள்தான்.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது வியாசர்பாடியில் எங்கள் வீடு. ராத்திரி பதினொன்றரைக்குக் கடற்கரையில் நடக்கப் போகிறேன் என்றால் அப்பா விடமாட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்டுப் பார்க்கவே இல்லை. அடையாறில் தோழி வீட்டில் படிக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு நான்கு சனிக்கிழமை போனேன். ஐந்தாவது சனிக்கிழமை இரவு எங்கள் ஆயாவுக்கு மூச்சுத்திணறல். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அம்மா எனக்குப் போன் செய்திருக்கிறார். போன் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. தோழி வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார், அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு நான் போனை எடுத்தபோது பத்தொன்பது தவறிய அழைப்புகள். ஆயா பிழைத்துக்கொண்டார். அம்மா என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்: "நீ ஆமைக்குப் போனது தப்பில்லடி. நீ எங்க இருக்கேன்னு தெரியாம ராத்திரி முழுக்க நான் ஒருத்தி நின்னேன் பாரு, அதைத்தான் என்னால மறக்க முடியல." அந்தப் பருவம் முழுக்க நான் கடற்கரைப் பக்கம் போகவில்லை. அடுத்த டிசம்பரில் அப்பாவிடம் நேராகக் கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

இந்த நூலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வீட்டுக்குத் தெரியாமல் செய்கிற களப்பணி நிற்காது. அனுமதி கிடைக்காத வீடுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் கேட்காமலேயே கிடைக்காது என்று முடிவு கட்டுகிறவர்களே அதிகம்.

சதீஷ் பாஸ்கர் என்ற பெயரை ஆமை ஆட்கள் நடுவில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்க வந்து, படிப்பை விட்டுவிட்டு, இந்தியக் கரையோரம் முழுக்க ஆமைகளைத் தேடி நடந்தவர். 2023-ல் மறைந்தார். 1982-ல் மழைக்காலம் முழுக்க லட்சத்தீவின் சுஹேலி வலியகர என்ற ஆளில்லாத் தீவில் அவர் தனியாகத் தங்கினார். அந்த மாதங்களில் அங்கே படகு வராது, தபாலும் கிடையாது. அவர் மனைவிக்குக் கடிதம் எழுதி, பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். அது மிதந்து இலங்கைக் கரைக்குப் போனது. கண்டெடுத்த மீனவர் ஒருவர் அதைத் தபாலில் அனுப்பிவைத்தார். கடிதம் வீடு வந்து சேர்ந்தது. படிப்பை விட்டதை நான் உங்களுக்குச் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் ஆளற்ற தீவில் இருந்துகொண்டு வீட்டுக்குச் சேதி சொல்ல வழி தேடினாரே, அந்தப் பழக்கம் நமக்கு வேண்டும். நம் கையில் போன் இருக்கிறது.

டிசம்பரில் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு

ஆமை நடை ஆறு மணி நேர வேலை என்று நினைத்துக்கொண்டு சேருகிறார்கள். அது ஆறு மணி நேரம் இல்லை. சனி இரவு பதினொன்றுக்குத் தொடங்கி ஞாயிறு விடிகாலை ஐந்துக்கு முடிகிறது. வீடு போய்ச் சேர ஆறரை. குளித்துவிட்டுப் படுத்தால் பிற்பகல் ஒரு மணி. எழுந்த பிறகும் அன்றைக்குப் புத்தகம் தலையில் ஏறாது. ஒரு நடை என்றால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று என்று கணக்கு வையுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பதின்மூன்று வாரம். எல்லா வாரமும் போனால் இந்த செமஸ்டரில் உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதே கிடையாது. துணி துவைப்பது, ரெக்கார்டு எழுதுவது, தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது, அம்மாவோடு சந்தைக்குப் போவது எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையில்தானே இருந்தன?

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போங்கள். ஆறு அல்லது ஏழு இரவு வரும். எந்தெந்தத் தேதி என்பதை டிசம்பரிலேயே குறித்து, இன்டர்னலுக்கு முந்திய வாரத்தையும் பொங்கல் வாரத்தையும் அடித்துவிட்டு, மீதியைக் குழுவிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தத் தேதிகளில் மழை பெய்தாலும் போய் நில்லுங்கள். ஒரு ஒருங்கிணைப்பாளருக்குத் தேவை சொன்ன நாளில் வருகிற ஆறு பேர். முதல் மூன்று வாரம் தினமும் வந்துவிட்டுப் பிறகு போனை எடுக்காத இருபது பேரை வைத்துக்கொண்டு அவரால் ஒரு இரவைக்கூடத் திட்டமிட முடியாது.

அட்டென்டன்ஸ் கணக்கையும் இப்போதே பாருங்கள். செமஸ்டருக்கு 90 வேலை நாட்கள் என்றால் 75 சதவீதம் என்பது 68 நாள். மீதி 22 நாள்தான் உங்கள் கையில். காய்ச்சல், வீட்டு விசேஷம், எதிர்பாராத சாவு எல்லாவற்றுக்கும் அதில்தான் இடம். களப்பணிக்கு ஐந்து நாளுக்கு மேல் அதிலிருந்து எடுக்காதீர்கள். ஓ.டி. வாங்க முடியும் என்றால் முன்கூட்டியே எச்.ஓ.டி.யிடம் கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். போய்விட்டு வந்து கேட்டால் அது சலுகை கேட்பதாகிவிடும். விடுதியில் இருப்பவர்கள் வார்டனிடம் பருவம் முழுவதற்குமான தேதிகளை எழுத்தில் கொடுத்துவிட்டால், நள்ளிரவில் கேட் வாசலில் நின்று கெஞ்ச வேண்டியதில்லை.

அரியர் வைப்பதைப் போராளியின் அடையாளமாகப் பேசுகிற சிலரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சை நம்பாதீர்கள். உங்களில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். உங்கள் ஃபீஸ் கட்ட அடகு வைத்த வளையல் இன்னும் கடையில் இருக்கலாம். அந்தப் பட்டம் உங்களுடையது மட்டும் அல்ல.

அம்மா கேட்கும் கேள்விகள்

எத்தனை மணிக்குப் போற? யார் கூட? பொண்ணுங்க எத்தனை பேர்? போலீஸ் வந்தா? போன் எடுக்கலன்னா யாரைக் கேக்கணும்? எல்லாமே நியாயமான கேள்விகள். கேட்கும் முன்பே பதில் தயாராக இருக்கட்டும். ஒருங்கிணைப்பாளரின் பெயரும் எண்ணும், கூட வரும் இரண்டு பேரின் எண்களும், நடை தொடங்கும் இடம், முடியும் இடம் ஆகிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவிலோ சாமி படத்துக்குப் பக்கத்திலோ ஒட்டிவையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவசரத்தில் தேட முடியாது. தொடங்கும்போது ஒரு சேதி, பாதி வழியில் ஒன்று, முடிந்ததும் ஒன்று என மூன்று சேதிகள் போதும். மூன்றையும் தவறாமல் அனுப்புங்கள். "கிளம்பிட்டேன்மா", "பாலவாக்கம் தாண்டிட்டோம்", "முடிஞ்சுது, பஸ்ஸுக்கு நிக்கிறேன்". இதை ஒரு பருவம் ஒழுங்காகச் செய்தால் அடுத்த பருவத்தில் கேள்விகள் பாதியாகக் குறையும்.

முதல் தடவை ஒருங்கிணைப்பாளரையே வீட்டில் பேசச் சொல்லுங்கள். நான் இப்போது ஆண்டுதோறும் பத்துப் பதினைந்து வீடுகளுக்குப் பேசுகிறேன். "உங்க பொண்ணு நல்ல காரியத்துக்கு வர்றா" என்று பெருமை பேசினால் பெற்றோருக்கு ஒன்றும் ஆவதில்லை. "அண்ணே, விடியற்காலை அஞ்சு மணிக்கு நானே பஸ் ஏத்திவிடுறேன்" என்றால் அவர்கள் நிம்மதியாக மூச்சுவிடுவது போனில் கேட்கும்.

அதற்கு மேலும் வேண்டாம் என்று சொன்னால்? அங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஒன்று சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள், இல்லை மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். இரவு வேலை மட்டுமே வேலை என்று யார் சொன்னது? என் குழுவில் ஒரு மாணவி. அவள் அப்பா இரவு நடைக்குக் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. அவள் பொரிப்பகத்தின் பதிவேட்டை எடுத்துக்கொண்டாள். எந்தக் குழி என்றைக்குப் புதைத்தது, எத்தனை முட்டை, எங்கிருந்து எடுத்தது, எத்தனை குஞ்சு வந்தது, எத்தனை பொரியாமல் போனது என்று எல்லாம் அவள் கையெழுத்தில்தான். முட்டை பொரிய 45-லிருந்து 60 நாள் வரை ஆகும். எந்தக் குழியை எந்த வாரம் கவனிக்க வேண்டும் என்று அவள் நோட்டைப் பார்த்துத்தான் நாங்கள் முடிவு செய்தோம். மூன்று வருடம் ஒரு இரவுகூட நடக்கவில்லை. அந்த மூன்று வருடமும் அவளைவிட முக்கியமான ஆள் எங்கள் குழுவில் இல்லை.

பகலில், வீட்டில் உட்கார்ந்தே செய்யக் கூடிய வேலைகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் பகுதி ஏரியில் கழிவுநீர் விடப்படுகிறதா என்று தெரிந்துகொள்ள, 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு எழுதலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்த 30 நாளும் நீங்கள் நிம்மதியாகப் படிக்கலாம். 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, அதைத் தமிழில் பெயர்த்து ஊருக்குச் சொன்னவர்கள் தன்னார்வலர்கள். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகள் எல்லாவற்றிலும் வரைவைத் தர வேண்டும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் அந்த ஜூன் மாதம் உத்தரவிட்டது. கருத்துச் சொல்லும் காலக்கெடு ஆகஸ்ட் 11 வரை நீண்டது. ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த மாணவர்கள் அப்போது கருத்துக் கடிதம் எழுதினார்கள், பக்கத்து வீட்டாரையும் எழுத வைத்தார்கள். வாசல் தாண்டாமல் நடந்த வேலை அது.

இன்னொன்று. வீட்டு வேலையில் உங்கள் பங்கைக் குறைக்காதீர்கள். கடற்கரையில் அடுத்தவர் போட்ட குப்பையைப் பொறுக்கிவிட்டு, வீட்டில் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டுப் படுக்கப் போனால், நீங்கள் செய்யும் வேலையின் மேல் அம்மாவுக்கு எப்படி மரியாதை வரும்? குறிப்பாகத் தம்பிமார்களுக்குச் சொல்கிறேன்.

வராத நண்பர்கள்

வகுப்பில் அறுபது பேர் இருந்தால் ஆமை நடைக்கு வருவது மூன்று பேராகத்தான் இருக்கும். மீதி ஐம்பத்தேழு பேர் மேல் கோபம் வருவது இயல்பு. எனக்கும் வந்தது. கேன்டீனில் பிளாஸ்டிக் கப்பை எடுத்தவளைப் பார்த்து முகத்தைச் சுளித்தேன். பிறந்தநாளுக்கு பலூன் கட்டியதற்கு ஒரு பிரசங்கமே வைத்தேன். அதில் ஒருத்தியும் மாறவில்லை, என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த வகுப்பிலேயே ஒருத்தி நான் வராத நாட்களின் நோட்ஸ் அத்தனையையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தாள். அவள் கடற்கரைக்கு ஒருநாளும் வந்ததில்லை. அவள் இல்லாவிட்டால் நான் தாவரவியல் தாளில் தேறியிருக்க மாட்டேன்.

நண்பர்களிடம் கேட்பதாக இருந்தால் சின்னதாக, தெளிவாகக் கேளுங்கள். "நீயெல்லாம் ஏன் வரமாட்டேங்கிற?" என்றால் யாரும் வரமாட்டார்கள். "சனிக்கிழமை உன் பைக்ல என்னை நீலாங்கரைல விடுறியா?" என்றால் விடுவார்கள். போஸ்டர் வரையத் தெரிந்தவனிடம் போஸ்டர் கேளுங்கள். நன்றாகப் பேசுகிறவளை அரசுப் பள்ளிக்கு அழைத்துப் போய்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லச் சொல்லுங்கள். பதிலுக்கு அவர்கள் நாளில் நீங்கள் இருக்க வேண்டும். கபடிப் போட்டி, அக்கா கல்யாணம், பிரேக்அப் ஆகி அழுகிற இரவு என்று நீங்கள் இருக்க வேண்டிய நாட்கள் அவர்களுக்கும் உண்டு. அன்றைக்கு உங்கள் பெயர் நடைப் பட்டியலில் இருந்தால் இரண்டு நாள் முன்பே மாற்றாளைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

குழுவுக்குள்ளேயே கிடைக்கும் நட்பு வேறு வகை. நள்ளிரவில் ஏழு கிலோமீட்டர் பேசாமல் கூட நடந்தவர்களை வாழ்நாளுக்கும் மறக்க முடியாது. ஆனால் அந்த நட்பே ஒரு வட்டமாகிவிடும். எல்லோரும் ஒரே மாதிரி பேசி, ஒரே மாதிரி கோபப்பட்டு, வெளியில் இருப்பவர்கள் அத்தனை பேரும் எதிரி என்று தோன்ற ஆரம்பித்துவிடும். மீனவர்களைப் பற்றி அப்படிப் பேச்சு வந்தால் உடனே தடுத்து நிறுத்துங்கள். நாம் நடக்கிற கரை அவர்களுடைய கரை. குப்பத்துப் பெரியவர்களிடம் ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள், நாம் பாடத்தில் படிக்காத காற்றும் நீரோட்டமும் அவர்கள் பேச்சில் வரும்.

வழக்கு என்று வந்தால்

கடற்கரையிலிருந்து போராட்டத்துக்கு அழைப்பு வரும். எண்ணூர் சாம்பல், பள்ளிக்கரணை ஆக்கிரமிப்பு என ஏதாவது ஒன்று. போவதும் போகாததும் உங்கள் உரிமை. பெற்றோரின் அச்சத்தை மட்டும் பத்தாம்பசலித்தனம் என்று ஒதுக்காதீர்கள். 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அவர்கள். 2021 பிப்ரவரியில் பெங்களூரைச் சேர்ந்த இளம் சூழலியலாளர் திஷா ரவி கைதாகிப் பத்து நாள் கழித்து ஜாமீனில் வந்த செய்தியையும் படித்தவர்கள்.

சென்னையில் ஆர்ப்பாட்டம் நடத்த, ஏற்பாடு செய்பவர்கள் ஐந்து நாள் முன்பே காவல்துறையிடம் அனுமதி கேட்டு மனு கொடுக்க வேண்டும். கொடுத்தார்களா, கிடைத்ததா என்று கேளுங்கள். கைது செய்து கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து மாலையில் விட்டுவிடுவார்கள் என்று மூத்தவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் வழக்குப் பதிவானால் பாஸ்போர்ட் விசாரணையிலும் அரசு வேலைக்கான நன்னடத்தைச் சரிபார்ப்பிலும் அது எழுந்து வரும். சீருடைப் பணியாளர் தேர்வுக்குத் தயாராகிற பையனை நான் மறியலுக்கு அழைப்பதில்லை. அவனுக்கு மனு எழுதும் வேலை கொடுப்பேன். தெரிந்தே போகிறவர்கள் வழக்கறிஞர் எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள், போனைப் பிடுங்கினாலும் அது இருக்கும். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

சட்டம் நம் பக்கமும் பார்க்கும். பங்குனி ஆமை 1972-ம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆர்வத்தில் தனியாகப் போய் முட்டையைத் தோண்டுவது குற்றம். அனுமதி பெற்ற குழுவோடும் வனத்துறையோடும் மட்டுமே செய்யுங்கள்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோது, தன்னார்வலர்கள் வாளியால் அந்தக் கசடை அள்ளினார்கள். கையுறையும் முழங்கால் பூட்ஸும் முகமூடியும் தராத இடத்தில் அந்த வேலையை இனி யாரும் செய்யக் கூடாது என்பது என் முடிவு. தரச் சொல்லிக் கேளுங்கள், தராவிட்டால் திரும்பி வாருங்கள்.

மனம் வேறு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வர வேண்டிய உயிர் அது. இழுவை வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சடைத்துப் போகும். வீங்கிய கழுத்தும் பிதுங்கிய கண்ணுமாகக் கிடந்தவற்றை எண்ணிக் குறித்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். காலையில் எண்ணிவிட்டு ஒன்பதரைக்கு வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். அப்படிப்பட்ட நாளில் வகுப்புக்குப் போகாதீர்கள். நான் சொன்ன அந்த ஐந்து நாளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பார்த்ததைச் சொல்லுங்கள். ஆமையைப் பற்றி அம்மாவுக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். சாப்பாடு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார், அது போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மார்ச்சில் தொடங்கி முட்டைகள் பொரிய ஆரம்பித்ததும், பெசன்ட் நகர்ப் பொரிப்பகத்திலிருந்து மாலை நேரங்களில் குஞ்சுகளைக் கடலில் விடுவோம். ஒருநாள் வீட்டில் எல்லோரையும் அழைத்து வாருங்கள், வராத நண்பர்களையும் சேர்த்து. என் அம்மா பெரம்பூரில் 29சி பிடித்து வந்தார். உள்ளங்கையில் பாதி அளவுகூட இல்லாத குஞ்சு மணலில் விழுந்து எழுந்து அலைக்குள் போனதைப் பார்த்துவிட்டு, "இதுக்காகவாடி அன்னைக்குப் போன் எடுக்கல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பருவமும் அவரே தேதி கேட்டுக்கொண்டு வருகிறார். மாலை ஐந்தரைக்குள் வந்துவிடுங்கள். போன் லைட்டும் ஃபிளாஷும் வேண்டாம், குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித் திரும்பிவிடும். குழந்தைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.